வீட்டின் விலை வேறு, கடன் தாங்கும் சக்தி வேறு

"வீடு சும்மாதானே நிக்குது, பேங்க்ல வெச்சா லட்சக்கணக்குல பணம் வரும். எதுக்கு வெளியில கை நீட்டணும்?" பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் கல்லூரிச் சீட்டு, கடையை விரிவுபடுத்துவது என்று எந்தப் பேச்சு எடுத்தாலும் இப்படிச் சொல்ல ஒருவர் இருப்பார். கேட்பவருக்கும் அது நியாயமாகவே படும். இருபது வருடம் முன்பு பத்து லட்சத்துக்குக் கட்டிய வீடு இன்று எண்பது லட்சம் போகிறது, அந்த எழுபது லட்சம் சுவருக்குள் அடைந்து கிடப்பது போலத் தோன்றும்.

சுவருக்குள் பணம் எதுவும் இல்லை. வீட்டை வைத்து வாங்கும் பணம், இனி வரப்போகும் உங்கள் மாத வருமானத்திலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. வீடு அதற்குப் பிணை மட்டுமே. இது பிடிபட்டுவிட்டால் வட்டி, தவணை, ஏலம் எல்லாம் எளிதாகப் புரியும். பிடிபடாவிட்டால், "என் வீட்டு மதிப்பு இவ்வளவு, அதனால் இவ்வளவு வாங்கலாம்" என்று தவறான இடத்தில் கணக்கைத் தொடங்கிவிடுவோம்.

நகைக் கடன் தெரியும்தானே?

நகையை வங்கியில் வைத்தால் எடை போடுவார்கள், தரம் பார்ப்பார்கள், மதிப்பில் ஒரு பங்கைக் கடனாகத் தருவார்கள். முழு மதிப்பும் கிடைக்காது. தங்கம் விலை இறங்கினாலும் வட்டி சேர்ந்தாலும் வங்கிக்கு நஷ்டம் வராமலிருக்கத்தான் அந்த இடைவெளி. மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

வீட்டை வைத்து வாங்கும் கடனும் அடிப்படையில் இதேதான். இதை சொத்து அடமானக் கடன் என்பார்கள். வங்கியில் எல்.ஏ.பி. அல்லது மார்ட்கேஜ் லோன் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஏற்கெனவே வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்க, அதே வங்கியில் அதன் மேல் கூடுதலாக வாங்குவது டாப்-அப் கடன்.

நகைக்கும் வீட்டுக்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. நகைக்கடனில் பொதுவாக நகையின் மதிப்பே பேசும், உங்கள் சம்பளத்தை யாரும் துருவுவதில்லை. வீட்டில் அப்படியில்லை. பதினைந்து வருடம் மாதாமாதம் கட்ட வேண்டிய கடன் என்பதால் வருமானத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அடுத்து, ஏலம் போன நகையின் வருத்தம் பீரோவோடு நின்றுவிடும். வீடு போனால் குடும்பமே இடம் மாற வேண்டும்.

55 லட்சம் எப்படி ஐந்தரை லட்சம் ஆகிறது

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டின் சந்தை மதிப்பு 80 லட்சம். பழைய வீட்டுக்கடனில் பாக்கி 25 லட்சம். மதிப்பிலிருந்து பாக்கியைக் கழித்தால் 55 லட்சம். இதுதான் வீட்டில் உங்களுக்குச் சொந்தமான நிகரப் பங்கு. பெரும்பாலானவர்களின் கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது.

வங்கி இங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலில் அவர்களுடைய மதிப்பீட்டாளர் வருவார். அவர் போடும் மதிப்பு, பக்கத்துத் தெருவில் புரோக்கர் சொன்ன விலையைவிடக் குறைவாகவே இருக்கும். பேச்சுக்கு அதையும் 80 லட்சம் என்றே வைப்போம். சொத்து அடமானக் கடனில் மதிப்பில் 50 முதல் 70 சதவீதம் வரை தருவது வழக்கம். 60 சதவீதம் என்றால் 48 லட்சம். அதில் ஏற்கெனவே நிற்கும் 25 லட்சம் போக மிச்சம் 23 லட்சம்.

அப்புறம் சம்பளம். கைக்கு வருவது மாதம் 60,000 என்போம். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து இதில் ஏறக்குறைய பாதிக்குள் அடங்க வேண்டும் என்று வங்கிகள் பார்க்கும். பாதி 30,000. பழைய வீட்டுக்கடன் தவணை 24,000. புதுத் தவணைக்கு இடம் 6,000 ரூபாய்தான். 10 சதவீத வட்டியில், 15 வருடத்தில் அடைக்கும்படி வாங்கினால் லட்சத்துக்குத் தவணை சுமார் 1,075 ரூபாய். அப்படியானால் 6,000 ரூபாய் தாங்கும் கடன் ஐந்தரை லட்சம்.

55 லட்சம், 23 லட்சம், ஐந்தரை லட்சம். மூன்றுமே ஒரே வீட்டுக்கான எண்கள். உங்கள் முடிவுக்கு உதவுவது மூன்றாவது.

சில நிதி நிறுவனங்கள் இந்த மூன்றாவது கணக்கை ஒப்புக்குத்தான் போடும். "வருமானச் சான்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சொத்து நல்லாயிருக்கு" என்று இரண்டாவது எண் வரைக்கும் தரத் தயாராக இருக்கும். கடன் சுலபமாகக் கிடைக்கிறதே என்று மகிழ வேண்டிய இடம் இல்லை இது. நீங்கள் கட்ட முடியாமல் போனாலும் வீட்டை விற்று எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் தரப்படும் கடன் அது.

இதுவரை பார்த்தது: எவ்வளவு கடன் கிடைக்கக்கூடும் என்பதற்கு வீட்டின் மதிப்பு ஓர் உச்சவரம்பு மட்டும் போடுகிறது. எவ்வளவு கட்ட முடியும் என்பதை வருமானம் முடிவு செய்கிறது.

வட்டி குறைவு, செலவு அதிகம்

சொத்து அடமானக் கடனுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம், தனிநபர் கடனைவிட வட்டி குறைவு என்பது. உண்மைதான். ஆனால் வட்டி விகிதம் கடனின் ஒரு பாதி. எத்தனை வருடம் என்பது மறுபாதி.

5 லட்சம் தேவை. தனிநபர் கடன் 14 சதவீதம், 4 வருடம் என்று வையுங்கள். தவணை 13,663 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 1 லட்சத்து 56 ஆயிரம். அதே 5 லட்சத்தை வீட்டை வைத்து 10 சதவீதத்தில் 15 வருடத்துக்கு வாங்கினால் தவணை 5,373 ரூபாய். மனசுக்கு இதமான தொகை. மொத்த வட்டி 4 லட்சத்து 67 ஆயிரம். விகிதம் குறைந்தும், கையை விட்டுப் போகும் வட்டி மூன்று மடங்கு.

இதற்குக் காரணம் தவணை பிரியும் விதம். தவணை, அதாவது இ.எம்.ஐ., மாதாமாதம் மாறாத தொகை. அதற்குள் வட்டியும் அசலும் கலந்திருக்கும். அந்த மாதம் நிற்கும் பாக்கிக்கு உரிய வட்டியை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியைத்தான் அசலில் கழிப்பார்கள். 20 லட்சம், 10 சதவீதம், 15 வருடம் என்ற கடனில் தவணை 21,492 ரூபாய். முதல் மாத வட்டி மட்டும் 16,667. அசலில் கழிவது 4,825 ரூபாய். ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் நீங்கள் கட்டியிருப்பது 12 லட்சத்து 90 ஆயிரம். பாக்கியோ இன்னும் 16 லட்சத்து 26 ஆயிரம் நிற்கும். "இத்தனை வருஷம் கட்டியும் கடன் குறையவே இல்லையே, பேங்க்காரன் ஏமாத்திட்டான்" என்று பலர் கொதிப்பது இந்த இடத்தில்தான். ஏமாற்று எதுவும் இல்லை. நீண்ட காலக் கடனின் கணக்கு அப்படித்தான் போகும். கடன் வாங்கும்போதே தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, அசல் பாக்கி என்ற பத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை விரல் வைத்துப் படித்துவிடுங்கள்.

இடையில் பணம் வந்தால் அசலில் கட்டிவிடலாம். சொந்தத் தேவைக்காகத் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிலையான வட்டிக் கடனில் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் இருக்கக்கூடும். கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வட்டி ஏறினால்

மாறும் வட்டி என்றால் சந்தை நிலவரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் வட்டி. தனிநபர்களுக்கு வங்கிகள் மாறும் வட்டியில் கொடுக்கும் புதுக்கடன்கள் 2019 அக்டோபர் முதல் வெளி அளவுகோல் ஒன்றோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் அது ரெப்போ விகிதம். ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் விகிதம். அது ஏறினால் உங்கள் வட்டியும் ஏறும்.

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரண்டரை சதவீதம் ஏறிவிட்டது. மேலே சொன்ன 20 லட்சம் கடன் 10 சதவீதத்திலிருந்து 12.5 ஆனால் தவணை 24,650 ஆகும், மாதம் மூவாயிரத்துக்கு மேல் கூடுதல். தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால்? 15 வருடக் கடன் 28 வருடக் கடன் ஆகிவிடும். அப்போது முதல் மாத வட்டி 20,833, அசலில் கழிவது வெறும் 659 ரூபாய். நாற்பத்தைந்து வயதில் வாங்கியவர் எழுபத்து மூன்றில் அடைப்பார்.

அந்தச் சமயத்தில் பல கடன்களில் காலம் நீண்டது கடனாளிகளுக்கே தெரியவில்லை. அதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வீட்டுக்கடன் போன்ற தனிநபர் கடன்களில் வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடனாளியிடம் கேட்க வேண்டும் என்றது. கேட்கும்போது தவணையை ஏற்றச் சொல்வதே நல்லது, குடும்பச் செலவு தாங்குமானால்.

தவணை நின்றால் என்ன நடக்கும்?

இதில்தான் ஆபத்தான தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. "குடியிருக்கிற வீட்டைத் தொட முடியாது", "கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் இழுக்கலாம்" என்பவை அதில் இரண்டு. 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டத்தின்படி, அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிக்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. பெரிய நிதி நிறுவனங்கள் பலவற்றுக்கும் இந்த அதிகாரம் உண்டு. விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை.

வரிசை இப்படிப் போகும். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அப்புறம் முழுப் பாக்கியையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பலாம், 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். 60 நாள் கடந்தால் சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கும். கைப்பற்றல் அறிவிப்பைக் கதவில் ஒட்டுவார்கள், செய்தித்தாளிலும் வெளியிடுவார்கள். ஆளைக் காலி செய்ய மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரின் உதவியை வங்கி கேட்கலாம். விற்பதற்கு முன் 30 நாள் அறிவிப்பு. நடவடிக்கை தவறு என்றால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இவை உள்ளன.

இதில் ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் பிறகு வழி அடைபட்டுவிடும். முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைக்கும்தான். 2016-ல் சட்டம் திருத்தப்படும் முன்பு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருந்தது. அந்த நினைப்பில் இன்றும் சிலர் ஏல நாளன்று பணத்தோடு ஓடுகிறார்கள். அதனால் நோட்டீஸ் வந்தால் உறையைப் பிரிக்காமல் வைப்பதைப் போன்ற தவறு வேறில்லை. இரண்டு தவணை தவறும் கட்டத்திலேயே, கிளைக்கு நேரில் போய், தவணையையும் காலத்தையும் மாற்றித் தரும் மறுசீரமைப்பை எழுத்தில் கேட்பவருக்கு இன்னும் பேச இடமிருக்கிறது.

ஏலத்தில் பாக்கியைவிடக் கூடுதலாக வந்தால் மிச்சம் உங்களுக்கு. குறைவாக வந்தால் வீடும் போய், மீதிக் கடனும் உங்கள் தலையில் நிற்கும்.

சுருக்கமாக: தவணை நின்று சில மாதங்களில் வீடு கைமாறும் பாதை திறந்துவிடுகிறது. சட்டம் தரும் அவகாசங்கள் நாள் கணக்கில்தான், வருடக் கணக்கில் இல்லை.

எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி. இந்தப் பணம் போகும் இடத்திலிருந்து தவணை கட்டப் பணம் வருமா? வராது என்றால், இப்போதைய வருமானத்திலேயே அதற்கு இடம் இருக்கிறதா?

ஓடிக்கொண்டிருக்கும் தொழில், கையில் ஆர்டர் இருக்கிறது, இயந்திரம் வாங்கினால் வருமானம் கூடும் என்றால் யோசிக்கலாம். ஆனால் அதற்கும் முதலில் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரைக்குமாவது கடன் கொடுக்கச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விதித்திருக்கிறது. இது தெரியாமல், தையல் யூனிட்டுக்கு எட்டு லட்சம் வாங்க வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். படிப்புக்கும் அப்படியே. கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை தொடங்காது. வீட்டை வைத்த கடனில் அடுத்த மாதமே தவணை.

கிரெடிட் கார்டு பாக்கியை அடைக்க வீட்டை வைக்கலாமா என்பது கொஞ்சம் சிக்கலான கேள்வி. கார்டு வட்டி மாதம் மூன்று, மூன்றரை சதவீதம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு நாற்பதைத் தாண்டும். அதைப் பத்துக்கு இறக்குவது லாபம்தான். ஆனால் கார்டு கடனுக்கு உங்கள் வீட்டின் மேல் நேரடிப் பிடி கிடையாது. அதை வீட்டுக்கு மாற்றினால், வீட்டைத் தொட முடியாத கடனை வீட்டைப் பிடிக்கும் கடனாக நாமே மாற்றிக்கொள்கிறோம். கார்டை மூடி, நான்கைந்து வருடத்துக்குள் அடைப்பதாக இருந்தால் செய்யலாம். கார்டை வைத்துக்கொண்டே செய்தால் இரண்டு கடனும் சேர்ந்து நிற்கும்.

கல்யாணச் செலவுக்கு வீட்டை வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மூன்று நாள் விருந்துக்கு 15 வருடத் தவணை, அதுவும் அப்பா ஓய்வுபெறும் வயதில். பங்குச்சந்தைக்கோ, குறிப்பாக எஃப் அண்டு ஓ எனும் ஊக வர்த்தகத்துக்கோ கூடவே கூடாது. அந்த வர்த்தகத்தில் தனிநபர்கள் 10 பேரில் 9 பேர் பணம் இழப்பதாகப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வே சொல்கிறது.

வாங்குவதென்று முடிவெடுத்தால், வாங்குவதற்கு முன் மூன்று மாதம் அந்தத் தவணைத் தொகையை ஓர் ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பில், போட்டுப் பாருங்கள். கஷ்டப்பட்டால் தொகையைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். கஷ்டமில்லாவிட்டால் அந்த ஆர்.டி.யே அவசரத் தவணைக்கான கையிருப்பு.

கையெழுத்துப் போடும் முன்

நம் ஊரில் வீடு பல சமயம் மனைவி பேரில் அல்லது அம்மா பேரில் இருக்கும், தொழில் கணவர் பேரில் இருக்கும். வீட்டு உரிமையாளர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். "இங்க ஒரு கையெழுத்தும்மா" என்று காட்டும் இடத்தில் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். தொழில் படுத்தால் போவது அவர் வீடு. கடன் தொகை, தவணை, காலம் மூன்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது குடும்ப நாகரிகம் சார்ந்ததும்கூட.

வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வரைபட அனுமதி, பல வருட வில்லங்கச் சான்று எல்லாம் கேட்பார். பட்டாவில் தாத்தா பேரே நிற்பது, ஒரு மாடிக்கு அனுமதி வாங்கி இரண்டு மாடி கட்டியது போன்றவை இங்கேதான் முட்டும். பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு. கடன் கிடைக்காவிட்டாலும் இவற்றில் பல திரும்பாது. கடனோடு ஒரு காப்பீட்டை ஒட்டவைத்து அதன் பிரீமியத்தையும் கடன் தொகையில் சேர்ப்பது வாடிக்கை. வேண்டுமா என்பது உங்கள் முடிவு.

பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததைச் சொல்லும் ‘உரிமை ஆவண ஒப்படைப்பு’ என்ற ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும். வங்கியில் எம்.ஓ.டி. என்பார்கள். கைரேகை வைத்துப் பதிவானதும் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வீடு உங்கள் பேரிலேயே இருக்கும், ஆனால் கடன் தீராமல் விற்க முடியாது. ஒப்படைத்த ஒவ்வொரு மூலப் பத்திரத்தின் எண்ணும் தேதியும் எழுதிய பட்டியலை வங்கி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் ஃபைனான்சியரிடம் போகிறவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. சிலர் அடமானம் எழுத மாட்டார்கள். கிரய ஒப்பந்தம், பவர் பத்திரம், சில சமயம் நேரடிக் கிரயமே எழுதித் தரச் சொல்வார்கள். "கடனை அடைத்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பது வாய்ப்பேச்சு. நேரடிக் கிரயம் எழுதித் தந்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் வீட்டை விற்றுவிட்டீர்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்திருக்கிறது, ஆனால் பதிவான கிரயத்தை ரத்து செய்ய வருடக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டும். கடனுக்காகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு அவசரமானாலும்.

கடன் முடிந்த பிறகு

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கையில் உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். அதோடு வங்கி அதிகாரியை அழைத்துக்கொண்டு, கடன் தீர்ந்தது என்று சொல்லும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தீர்ந்துபோன கடன் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் வீட்டை விற்கப் போகும்போது, அந்தக் கிளையே வேறு கிளையோடு இணைந்திருக்கும், அதிகாரி யாரென்றே தெரியாது. ரசீது பதிவான சில நாளில் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, பழைய பதிவுக்குக் கீழே ரசீதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.